பெயர் ஒன்று, ஆள் பல: கால்வழியியலில் ஆள்தெளிவு

கால்வழியியல் என்பது, வாழ்ந்து மறைந்தோர்க்கு இடையே அமைந்த பிறப்புறவையும் மணவுறவையும் சான்றுகளின் துணைகொண்டு நிறுவும் அறிவுத்துறை. அதன் அலகு ஆள்; அதன் கருவி பதிவு. பிறப்பேடு, இறப்பேடு, கூலிப் பேரேடு, வாக்காளர் பட்டியல் எனப் பதிவுகள் பல்வேறு வகையினவாயினும், அவை யாவும் பெயரையே முதற்கண் கொண்டிருத்தலால், பெயரும் ஆளும் ஒன்றே என்னும் மயக்கம் எளிதில் எழுகிறது. பெயர் ஆளைக் காட்டும் குறி. அதுவே ஆள் ஆகாது என்பது இத்துறையின் முதல் நெறி. ஒரே பெயரைப் பலர் தாங்கி நிற்கும் நிலையைப் பெயரொப்பு என்றும், அந்நிலையில் எப்பதிவு எவர்க்குரியது எனத் துணியும் செயலை ஆள்தெளிவு என்றும், ஓராளுக்குரிய பதிவுகளை ஒருங்கு சேர்த்தலைப் பதிவிணைப்பு என்றும் இக்கட்டுரை வழங்கும்.

ஆள்தெளிவில் நேரும் பிழைகள் இரண்டு. இருவரை ஒருவராகக் கொள்வது கலப்புப் பிழை. ஒருவரை இருவராகக் கொள்வது பிளப்புப் பிழை. கலப்புப் பிழையால் ஒருவர்க்கு உரிமையில்லாத தந்தையும் மனைவியும் மக்களும் அவர்தம் கால்வழியில் ஏறிவிடுகின்றனர். அங்கிருந்து மேற்செல்லும் தலைமுறை அனைத்தும் வேறொரு குடியினுடையதாகிவிடும். பிளப்புப் பிழையால் ஒரே வாழ்வு இரண்டாக அறுந்து, ஒரு பாதி தொடக்கமின்றியும் மறு பாதி முடிவின்றியும் நிற்கும். இவ்விரண்டனுள் ஒன்றை அஞ்சி மற்றொன்றில் வீழாமை ஆய்வாளனுக்கு வேண்டிய நடுவுநிலை.

பெயரொப்பு தோன்றும் வாயில்களை நான்காக வகுக்கலாம். முதலாவது மரபுப் பெயரீடு. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் தமிழர் வழக்கால், இராமசாமி மகன் கருப்பையா, கருப்பையா மகன் இராமசாமி, மீண்டும் இராமசாமி மகன் கருப்பையா எனப் பெயர்கள் தலைமுறை விட்டுத் தலைமுறை மீள்கின்றன. தந்தை பெயரைச் சேர்த்து எழுதினாலும் இருவர் ஒத்துப்போகின்றனர். இரண்டாவது பங்காளிப் பெயரீடு. உடன்பிறந்தார் இருவரும் தத்தம் மூத்த மகனுக்குத் தம் தந்தை பெயரையே இடுதலால், ஏறத்தாழ ஒத்த அகவையுடைய இருவர் ஒரே பெயருடன் ஒரே லயத்தில் (தோட்ட வரிசைக் குடியிருப்பில்) வளர்கின்றனர். மூன்றாவது கடவுட் பெயரீடு. ஊர்க்கடவுள் பெயரும் குடிக்கடவுள் பெயரும் உறவற்ற குடும்பங்களையும் ஒரே பெயரில் நிறுத்துகின்றன. நான்காவது எழுத்துப் பெயர்ப்பு. ஆங்கில எழுத்து ல, ள, ழ என்னும் மூன்றையும் பெரும்பாலும் ஒன்றாக்குகிறது. எழுதுவோர் கைக்கேற்பக் கருப்பன், கருப்பண்ணன், கருப்பையா என்போர் ஒரே வடிவில் சுருங்குகின்றனர். ஒருவரே வேறு வேறு ஏடுகளில் வேறு வேறு வடிவில் விரிகின்றனர். முதல் மூன்றும் மக்கள் வழக்கால் வருவன. நான்காவது எழுதுவோரால் வருவது.

இவ்விடர் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அமெரிக்காவின் புது இங்கிலாந்துப் பகுதியில் குடியேறியோர் மிகச் சில பெயர்களையே திரும்பத் திரும்ப இட்டனர். இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்த குழந்தைக்கு இடுவதும் உண்டு. அவ்வூர்ப் பதிவுகளில் ஒரு பெயரின் பின் மூத்தவர், இளையவர் என்னும் அடைகள் வருதலைக் கண்டு, அவர்கள் தந்தையும் மகனும் என்று பலர் முடிவுசெய்தனர். அவ்வடைகள் அந்நாளில் அகவை வேறுபாட்டை மட்டுமே குறித்தன. சிற்றப்பனும் அண்ணன் மகனும் அவ்வாறு குறிக்கப்பட்டனர். உறவே இல்லாதாரும் குறிக்கப்பட்டனர். மூத்தவர் இறந்தபின் இளையவராயிருந்தவர் மூத்தவர் என்னும் அடையைப் பெற்றார். ஆகவே ஒரே அடை இருபது ஆண்டு இடைவெளியில் இருவேறு ஆட்களைச் சுட்டலாயிற்று. 1922-இல் தாம் தொடங்கிய இதழ்வழி இத்தகைய மயக்கங்களைக் களைந்து, அமெரிக்கக் கால்வழியியலைச் சான்றின்மேல் நிறுத்தியவர் தொனால்டு லைன்சு சேக்கபசு.

இச்செயலுக்கு வேண்டிய முறைமை தமிழுக்குப் புதிதன்று. சங்கத் தொகை நூல்களைத் தொகுத்தோர் சாத்தனார் என்னும் பெயருடைய புலவர் பலரை எதிர்கொண்டபோது, அவர்களை ஒருவராக்கவில்லை, பெயரை மாற்றவுமில்லை. சீத்தலைச் சாத்தனார், ஆலம்பேரிச் சாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் எனப் பெயர்க்கு முன் வேறுபாட்டுக் குறிகளை நிறுத்தினர். ஊரால் வேறுபடுத்துதல், தொழிலால் வேறுபடுத்துதல், தந்தையால் வேறுபடுத்துதல் ஆகிய மூன்று வழிகளும் அங்கே ஒழுங்காகப் பயில்கின்றன. மதுரைக் கூலவாணிகன் என்பது ஊரும் தொழிலும். மதுரைக் கணக்காயனார் மகனார் என்பது ஊரும் தந்தையும். இன்றைய பதிவிணைப்பாளர் பட்டியலிடும் கூறுகளுள் இவையும் அடங்கும்.

கல்வெட்டாய்வு இம்முறையை மேலும் கூர்மையாக்கியது. சோழ வேந்தர் இராசகேசரி, பரகேசரி என்னும் இரு பட்டங்களை மாறி மாறிப் புனைந்தனர். முதலாம் இராசராசன் இராசகேசரி, அவன் மகன் முதலாம் இராசேந்திரன் பரகேசரி. வேந்தன் பெயரின்றிப் பட்டத்தையும் ஆட்சியாண்டையும் தரும் கல்வெட்டை எவனுக்குரியதாகக் கொள்வது என்னும் வினா எழுந்தபோது, எழுத்தமைதி, உடன்சுட்டப்படும் அலுவலர் பெயர், மெய்க்கீர்த்தியின் தொடக்கம் ஆகியவற்றை அறிஞர் ஒருங்கு வைத்து எண்ணினர். பாண்டியருள்ளும் சுந்தரபாண்டியன், குலசேகரன் என்னும் பெயர்கள் மீள மீள வந்தன. மாறவன்மன், சடையவன்மன் என்னும் பட்டங்களும் அவ்வாறே வந்தன. கல்வெட்டுகள் தரும் நாள், விண்மீன், பிறைநாள் ஆகியவற்றைக் கணித்து அவ்வேந்தர்தம் காலத்தை வரையறுக்க எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை பெரிதும் உழைத்தார். வேந்தர்க்குச் செய்த இவ்வாய்வை உழைப்பாளர்க்கும் செய்தல் இயலும், செய்தல் கடன்.

அக்கடன் எங்கே நிலுவையில் உள்ளது என்பதற்கு இலங்கையின் ருவான்வெல்லைப் பகுதி நல்ல களம். சபரகமுவ மாகாணத்துக் கேகாலை மாவட்டத்தில், களனி ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த இப்பகுதியில், எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பகுதிகளிற்போலவே, இறப்பர்த் தோட்டங்களும் தேயிலைத் தோட்டங்களும் சிங்களச் சிற்றூர்களோடு அடுத்தடுத்துக் கிடக்கின்றன. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் முதலிய இடங்களிலிருந்து, ஆள்திரட்டும் கங்காணிகளால் அழைத்துவரப்பட்ட தமிழர்தம் வழியினர் இத்தோட்டங்களில் வாழ்கின்றனர். சிற்றூரும் தோட்டமும் நெருங்கியிருத்தலால், ஒரே குடும்பத்தின் பெயர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்னும் மூன்று எழுத்திலும் பதிவாவது இங்கு இயல்பு. இங்குள்ள கால்வழி ஆய்வாளனுக்கு மேற்சொன்ன நான்கு வாயில்களும் ஒருங்கே திறந்து நிற்கின்றன.

அவனுக்குக் கிடைக்கும் பதிவுகளை ஆறாக வகுக்கலாம். முதலாவது வருகைப் பதிவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுத்தப்பட்ட தகரச்சீட்டு இவ்வகையது. அது சிறிய தகர வில்லை. அதில் தோட்டம் இருந்த மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தின் எண்ணும், உழைப்பாளரின் வரிசை எண்ணும் பொறிக்கப்பட்டிருந்தன. வருவோர் அதனைத் தம்முடன் கொண்டு மண்டபம் முகாமையும் கடலையும் கடந்து தோட்டம் சேர்ந்தனர். பெயர் பொறிக்கப்படாமையால் அது பெயரொப்பால் மயங்காத குறி. பெயர் இன்மையாலேயே, தோட்டத்து ஏடு துணைநின்றாலன்றித் தனித்துப் பேசாத குறியும் ஆகும்.

இரண்டாவது தோட்டத்துப் பேரேடு. பெரட்டுக்களத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு, கணக்கப்பிள்ளை நாள்தோறும் குறித்த 'செக்ரோல்' இது. ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் உண்டு. நாளுழைப்பை முழுப்பேர், அரைப்பேர் என அளக்கும் பேர்க்கணக்கும் உண்டு. மூன்றாவது பிறப்பு, இறப்புப் பதிவு. தோட்டத்தில் நிகழும் பிறப்பும் இறப்பும் தோட்ட மேலாளராகிய துரைமார் வழியே மாவட்டப் பதிவாளரை அடைந்தன. தாயின் பெயரைத் தருவது இப்பதிவின் தனிச்சிறப்பு. பேரேடு கருப்பையாக்களைப் பிரிக்க இயலாத இடத்தில், காளியம்மாள் கணவன் கருப்பையா, மாரியாயி கணவன் கருப்பையா எனப் பிறப்பேடு பிரித்துத் தருகிறது. ஆடவர் பெயரொப்பைப் பெண்டிர் பெயரே அவிழ்க்கிறது என்பது இத்துறையின் பட்டறிவு. வழக்குமணம் செய்து பதியாது விட்ட பெற்றோர்க்குப் பிறந்த குழந்தையின் பதிவில் தந்தை பெயர் விடுபட்டிருத்தலும் கூடும். அவ்விடத்தும் எஞ்சி நிற்பது தாய் பெயரே.

நான்காவது வாக்காளர் பட்டியல். 1931-இல் இலங்கையில் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தது; தோட்டத் தமிழர்க்கு அது வாழிடத் தகுதி வரையறைகளுடன் வந்தது. ஐந்தாவது குடியுரிமைப் பதிவு. 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் எண் சட்டத்தால் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தபின், 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டத்தின்கீழ்க் குடும்பம் குடும்பமாக வேண்டுகைகள் எழுதப்பட்டன. 1964-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே ஏற்பட்ட சிறிமாவோ, சாத்திரி உடன்படிக்கைக்குப் பின் இந்தியக் குடியுரிமைக்கும் இலங்கைக் குடியுரிமைக்குமாக மீண்டும் எழுதப்பட்டன. ஆறாவது எண்வழிப் பதிவு. 1958-இன் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி எண்ணும், 1972 முதல் வழங்கப்பட்ட ஆள் அடையாள அட்டை எண்ணும் இவ்வகையின.

இவற்றுள் பழைய அடையாள அட்டை எண்ணின் அமைப்பு கற்றறியத் தக்கது. அதன் முதலிரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றிலக்கம் அவ்வாண்டில் பிறந்த நாளின் வரிசை. பெண்டிர்க்கு அவ்வரிசையோடு 500 கூட்டப்படும். எல்லா ஆண்டையும் 366 நாளாகவே கொண்டு எண்ணுதலால், 1950 மார்ச்சு முதல் நாளில் பிறந்த ஆண்மகனின் எண் 50061 எனவும், அந்நாளிற் பிறந்த பெண்மகளின் எண் 50561 எனவும் தொடங்கும். ஈற்றில் நிற்கும் எழுத்து, வாக்குரிமை உடையார்க்கு ஒன்றும் இல்லார்க்கு மற்றொன்றுமாக அமைந்தது. பெயரைத் தொடாமலே ஆண்டு, நாள், பால், உரிமை நிலை ஆகிய நான்கையும் ஓர் எண் ஏந்தி நிற்கிறது.

இப்பதிவுகள் தரும் வேறுபாட்டுக் குறிகள் இருவகைப்படும். பிறந்த ஆண்டு, பெற்றோர், பிறந்த ஊர் என்பன மாறாதவை. இவற்றை நிலைக்குறி என்போம். அகவை, தொழில், தங்கிய லயம், பேரேட்டு எண் என்பன மாறுபவை; இவற்றை ஓடுகுறி என்போம். நிலைக்குறி முரண்பட்டால் ஆட்கள் வேறு என ஐயுறல் வேண்டும். ஓடுகுறி முரண்பட்டால், அம்மாற்றத்துக்குரிய காலமும் வழியும் உண்டா என்று தேடல் வேண்டும். எழுதப்பட்ட அகவையை அளவோடு நம்புதலும் நெறி. பிறந்த நாள் அறியாதார் 30, 35, 40 என ஐந்திலும் பத்திலும் முடியும் எண்களையே சொல்லுதலால், நான்கைந்து ஆண்டு வேறுபாட்டை முரணாகக் கொள்ளலாகாது.

இனி, நெறிகள் தொழிற்படும் ஆற்றை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ருவான்வெல்லைப் பகுதித் தோட்டம் ஒன்றில், கருப்பையா என்னும் பெயர் ஆறு பதிவுகளில் வருவதாகக் கொள்வோம். 1928-இன் பிறப்பேட்டில் ஒரு பெண்குழந்தையின் தந்தை கருப்பையா, அகவை 24, தாய் காளியம்மாள். 1931-இன் பேரேட்டில் 47-ஆம் எண்ணில் கருப்பையா, 112-ஆம் எண்ணில் சின்னக் கருப்பையா. 1934-இன் இறப்பேட்டில் கருப்பையா, அகவை 50. தந்தை பெயர் நிரப்பப்படவில்லை. 1936-இன் பேரேட்டில் 112-ஆம் எண்ணில் வெறும் கருப்பையா. 47-ஆம் எண் காணப்படவில்லை. 1937-இன் பிறப்பேட்டில் இராமசாமி என்னும் ஆண்குழந்தையின் தந்தை கருப்பையா, அகவை 35, தாய் காளியம்மாள். 1950-இன் குடியுரிமை வேண்டுகையில் இராமசாமி மகன் கருப்பையா, அகவை 45, மனைவி காளியம்மாள்.

பெயரை மட்டும் பார்ப்பவர், 1928-இல் தந்தையாகி 1934-இல் இறந்தவர் ஒருவரே எனக் கொண்டு, 1950-இன் வேண்டுகையைப் பிறிதொருவருடையதாக்குவார். நெறிப்படி எண்ணுவோம். 1934-இல் இறந்தவர் பிறந்தது 1884 அளவில். 1928-இன் தந்தை பிறந்தது 1904 அளவில். இருபதாண்டு இடைவெளியை அகவைச் சோர்வு விளக்காது; ஆகவே ஆட்கள் இருவர். 1937-இன் அகவை 1902-ஐயும், 1950-இன் அகவை 1905-ஐயும் சுட்டுகின்றன. இவை 1904-ஐ ஒட்டியவை. காளியம்மாள் பெயர் மூன்றிலும் நிற்கிறது. ஆகவே அம்மூன்றும் ஓராளுக்குரியன. 1931-இல் சின்ன என்னும் அடை பெற்ற 112-ஆம் எண்ணாளர், மூத்தவர் 1934-இல் மறைந்தபின் அவ்வடையை இழந்தார். புது இங்கிலாந்தின் மூத்தவர், இளையவர் அடைகளைப்போலவே இவ்வடையும் அகவையளவில் நின்றது. மகனுக்கு இராமசாமி எனப் பெயரிட்டமை, தந்தையின் தந்தை இராமசாமி என்னும் 1950-இன் கூற்றை வலியுறுத்துகிறது. மூத்த கருப்பையாவுக்கும் இளையவருக்கும் உறவு யாது என்னும் வினாவுக்கோ இப்பதிவுகளில் விடையில்லை. அதனை ஐயநிலையில் நிறுத்துதலே அறிவுடைமை.

இவ்வெண்ணல் முறைக்குக் கணக்கியல் அடிப்படையும் உண்டு. பதிவிணைப்பு என்னும் கருத்தை 1946-இல் ஆல்பர்ட்டு டன் முன்வைத்தார். 1959-இல் ஓவர்டு நியூகோம்பும் உடன் ஆய்ந்தோரும் அதனைக் கணிப்பொறிக்கு ஏற்றினர். 1969-இல் பெலிகியும் சண்டரும் அதன் கொள்கையை நிறுவினர். அதன் சாரம் எளியது. ஒரு குறி இரண்டு பதிவில் ஒத்திருந்தால், அவ்வொப்புக்கு எவ்வளவு எடை தருவது என்பது அக்குறியின் அருமையைப் பொறுத்தது. 200 ஆடவர் வாழும் தோட்டத்தில் 20 பேர் கருப்பையா எனின், அப்பெயர் ஒத்தலின் எடை, இரண்டை அடியாகக் கொண்ட பத்தின் மடக்கையாகிய ஏறத்தாழ 3.3; ஒருவர்க்கே உரிய அரிய பெயர் ஒத்தலின் எடை, அவ்வடியிலேயே இருநூற்றின் மடக்கையாகிய ஏறத்தாழ 7.6. ஒன்றையொன்று சாராத குறிகளின் எடைகளைக் கூட்டலாம். கூட்டுத்தொகை உயர் எல்லையைக் கடந்தால் இணைப்பு, தாழ் எல்லைக்குக் கீழே நின்றால் பிரிப்பு, இடையே நின்றால் ஐயநிலை.

ஒன்றையொன்று சாராத என்னும் அடை இங்கு உயிர்நிலை. கங்காணி தன் ஊராரையும் உறவினரையுமே கூட்டிவந்தான் ஆதலால், கங்காணி பெயர் ஒத்தலும் சொந்த ஊர் ஒத்தலும் பெரும்பாலும் ஒரே செய்தியை இருமுறை சொல்லுதலாகும். அவற்றை இரண்டு சான்றாக எண்ணுவோர் எடையை வீணே இரட்டிப்பர். அவ்வாறே, வேண்டுகையில் எழுதிய செய்தியைப் பார்த்து எழுதிய குடும்ப அட்டை, அவ்வேண்டுகைக்குத் தனிச்சான்று ஆகாது. வேண்டுகை முதற்சான்று, குடும்ப அட்டை வழிச்சான்று. சான்றுகளின் எண்ணிக்கையைவிட அவற்றின் ஊற்றுகளின் எண்ணிக்கையே பெரிது.

இவ்வறிவியலால் ஆவது யாது என வினவுவார்க்கு, இம்மக்களின் அண்மை வரலாறே விடை. 1949-இன் சட்டம், மணமானவர் 1946 தொடக்கத்துக்கு முன் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இலங்கையில் இடையறாது வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. எட்டு நூறாயிரத்துக்கு மேற்பட்டோர்க்காக வேண்டுகைகள் எழுதப்பட்டன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 134,000 பேரே. எழுத்து மாறிய ஒரு பெயர், ஏட்டில் அடை இழந்த ஒரு பெயர், தந்தை பெயர் விடுபட்ட ஒரு பதிவு ஆகியன ஒரு குடும்பத்தின் நாட்டையே தீர்மானிக்கவல்ல நிலை அது. 1964-இன் உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்து, 150,000 பேரைப் பின்னர்த் தீர்மானிக்க விட்டது. 1974-இல் அவ்வெஞ்சியோரும் இரு நாட்டிற்கும் பாதி பாதியாகப் பகுக்கப்பட்டனர். உடன்பிறந்தார் ஒருவர் நீலகிரியிலும் ஒருவர் களனிப் பள்ளத்தாக்கிலுமாகப் பிரிந்தனர். நாடற்றோராக எஞ்சியோர்க்குத் தீர்வு 2003-இன் 35-ஆம் எண் சட்டத்தால் வந்தது. கடல்கடந்து பிரிந்த கிளைகள் இன்று ஒன்றையொன்று தேடுகையில், இருபுறமும் ஒரே பெயர்களே எதிர்ப்படுகின்றன. அங்கே ஆள்தெளிவு இன்றி உறவு இல்லை.

தோட்டங்கள் 1972-இலும் 1975-இலும் அரசுடைமையாகி, 1992-இல் மீண்டும் குழுமங்களின் ஆளுகைக்குச் சென்றன. ஆகவே பழைய பதிவுகளைத் தேடுவோர் இன்றைய தோட்ட அலுவலகத்தோடு நின்றுவிடலாகாது. பதிவாளர் அலுவலகத்தையும், கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தையும் நாடுதல் வேண்டும். எனினும் தேடலின் தொடக்கம் வீட்டிலேயே உள்ளது. அகவை முதிர்ந்த பாட்டியர் அறிந்திருப்பவற்றுள், எவ்வேட்டிலும் ஏறாத பெண்வழி உறவும், பெரிய, சின்ன என்னும் அடைகளின் பொருளும் அடங்கும்.

ஆதலின், தோட்டப் பள்ளிகளின் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இக்கட்டுரையின் வேண்டுகோள் இது: ஒவ்வொரு முன்னோர்க்கும் பெயர், தாய் பெயர், மனைவி அல்லது கணவன் பெயர், தோட்டமும் லயமும், பிறந்த ஆண்டு ஆகிய ஐந்தையும் தமிழில் எழுதுக, ஒவ்வொன்றன் பக்கத்திலும் அதனைச் சொன்னவர் பெயரையோ கண்ட ஏட்டையோ குறிக்க, ஒன்றையொன்று சாராத இரண்டு சான்றேனும் ஒத்தாலன்றி எவரையும் எவரோடும் இணைக்காதீர், ஐயமுள்ளதை ஐயம் என்றே எழுதி வைக்க. வேந்தர்க்குரிய வரலாற்றைக் கல்லில் கற்ற தமிழ், உழைத்தோர்க்குரிய வரலாற்றையும் இதே ஒழுங்கோடு தாளில் நிறுத்த வல்லது.